சுணை

அந்த அரிசி ஆலையில் வேலைக்குச் சேரும் குடும்பத்துக்கு மூன்று பொருள்களைக் கையில் கொடுத்து லைன் வீட்டுக்கு அனுப்புவார்கள்: கதவுச் சாவி, ஒரு குண்டு பல்பு, ஒரு பூனை. சாவியைத் தொலைத்தால் திட்டோடு போகும், பல்பு போனால் வேறு பல்பு வரும், பூனையைத் தொலைத்தவனுக்கு மட்டும் லைனில் இடம் கிடையாது. ஏனென்றால் கிடங்கு நிறைய நெல் மூட்டை, மூட்டைக்கு மூட்டை எலி, அந்த எலிகளுக்கு முதலாளியைத் தெரியாது, முதலாளியின் செல்வாக்கு தெரியாது, பூனை ஒன்றைத்தான் தெரியும். ஆகவே பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு பூனைகள் கிடங்குக்கு வேலைக்குப் போகும், விடிந்தால் ஆலைக்காரர்களைப் போலவே அலுத்துக் களைத்துத் திரும்பி அடுப்படிச் சாம்பலில் சுருண்டு படுக்கும். அந்த லைனில் சம்பளமில்லாமல் உழைத்தவை அவை மட்டும்தான், வீட்டுப் பெண்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

அங்கே குடியிருந்தவள் வேம்பு. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி வெயில் தாழும்வரை பலகையால் தள்ளித் தள்ளிக் காயவைப்பது அவள் வேலை, அவள் புருஷன் உத்திராபதிக்கு பாய்லருக்கு உமி போடுகிற வேலை. ஓர் ஐப்பசி மாதம் குழம்பில் உப்பில்லை என்று உத்திராபதி குழம்புக் கரண்டியாலேயே அவள் இடது இடுப்பில் ஒரு போடு போட்டான். மறுநாள் காலை கிடங்கிலிருந்து வந்த அவர்கள் வீட்டுச் செவலைப் பூனைக்கு இடது இடுப்பில் முடி இல்லை. ஒரு வட்டமும் வட்டத்திலிருந்து காம்பு போல ஒரு கோடுமாக, கரண்டி எப்படியோ அப்படியே கொட்டியிருந்தது. வேம்பு சேலையை விலக்கித் தன் இடுப்பைப் பார்த்தாள், பூனையின் இடுப்பைப் பார்த்தாள், இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டாள், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அது தண்ணீர் வருகிற நேரம்.

பூனையும் பின்னாலேயே வந்து குழாயடியில் எல்லாருக்கும் இடுப்பைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"என்னடி வேம்பு, பூனைக்கு இடுப்புல முடியக் காணும்?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. லைனுக்கே மூத்தவள், களத்துப் பெண்களுக்கு மேஸ்திரி, அவள் கண்ணில் படாமல் அங்கே ஓர் உமிகூடப் பறக்காது. பூனையின் இடுப்பைப் பார்த்த கண்ணாலேயே வேம்புவின் இடுப்பையும் அவள் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

"சுணை பட்டிருக்கும்க்கா," என்றாள் வேம்பு.

சுணை என்றால் நெல்லின் மேல் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத முள், உடம்பில் பட்டால் நாள் முழுக்க அரித்துப் பிடுங்கும். மனுஷனுக்குள் இருக்க வேண்டிய ரோஷத்துக்கும் ஊரில் அதே பேர்தான், அது இல்லாதவனைச் சுணைகெட்டவன் என்பார்கள். வேம்பு சொன்னது நெல்லுச் சுணையை.

"அதானே பாத்தேன். சுணைதான்," என்றாள் ஆரோக்கியமேரி, மற்றவர்களும் "சுணைதான், சுணைதான்" என்று சொல்லி அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அங்கே நின்ற அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து நெல்லில் புரண்டவர்கள், சுணை என்ன செய்யும் என்ன செய்யாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் உத்திராபதியும் பூனையைப் பார்த்தான். பார்த்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான், வெகுநேரம் அந்தக் கரண்டியின் வடிவத்தைத் தடவிக்கொண்டேயிருந்தான், அதற்குப் பிறகு அவன் கை வேம்புவின் மேல் ஓங்கவே இல்லை. அவனுக்குக் கொஞ்சம் சுணை மிச்சமிருந்தது. ஆனால் வேம்பு இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் முதலில் அடி வாங்கியதைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு லைனில் வீட்டுக்கு வீடு பூனைகளுக்கு முடி கொட்டியது. ஒரு வீட்டில் முதுகில் பெல்ட்டு அகலத்துக்கு, ஒரு வீட்டில் கன்னத்தில் ஐந்து விரலுமாக, ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காதைத் திருகிய அன்று பூனையின் காது மட்டும் மழித்தது போல. லைன் இதற்குப் பழகிக்கொண்டது, மனுஷர்கள் எதற்குத்தான் பழகவில்லை! சிலர் வழுக்கை விழுந்த இடத்தில் விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துப் பூசினார்கள், சிலர் மாவுப் பையைக் கிழித்துப் பூனைக்குச் சட்டை தைத்துப் போட்டார்கள், மார்கழியில் மற்ற ஊர்ப் பூனைகள் குளிரில் நடுங்க இந்த லைன் பூனைகள் சட்டை போட்டுக்கொண்டு சுவர் மேல் நடந்தன. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரித்துவிட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல், "வூட்டுப் பூனை எங்கங்க?" என்று கேட்டார்கள், அப்படிக் கேட்பவர்களுக்குக் காட்டவென்றே கல்யாணமாகாத ஒருவனின் வீட்டிலிருந்து கொழுகொழுவென்று ஒரு பூனை கைமாறி வந்துபோய்க்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஊர் உண்டு, இது அரிசி ஆலை, சோற்றுக்குப் பஞ்சமில்லை.

எலி பெருகிவிடுமோ என்று பயந்த முதலாளி டவுனிலிருந்து மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவை வரவழைத்தார். அவள் பூனைகளை வரிசையாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சீப்பால் சீவினாள், தோலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கூடி நின்றவர்களிடம் நிதானமாகச் சொன்னாள்:

"பூனைக்கு முடி கொட்டுறதுக்குக் காரணம் நிறைய இருக்கு. தெள்ளுப்பூச்சி கடிச்சா கொட்டும், படர்தாமரை வந்தா கொட்டும், தீனி ஒத்துக்கலைன்னா கொட்டும், கழுத்துச் சுரப்பி கெட்டாலும் கொட்டும். இதுங்களுக்கு அதெல்லாம் இருக்கற மாதிரி தெரியல. இன்னொண்ணும் உண்டு. வீட்டுல பயந்து பயந்து கெடந்தா, பூனை தன்னைத்தானே நக்கி நக்கி முடியை உதுத்துடும். இங்க வீடுகள்ல அப்படி ஏதாவது பயம் இருக்கா?"

"பூனைக்கு என்னாங்க பயம்? எலிதான் பயப்படணும்," என்றான் ஒருவன், எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கரண்டி விழுந்த இடத்தில் முடி முளைத்தும் முளைக்காமலும் இருந்த செவலையின் இடுப்பை விரலால் ஒருமுறை தொட்டாள், தன் ரவிக்கைக் கையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டாள், யாரும் கேட்காமலேயே, "எங்க வீட்டுல பூனை வளக்கறதில்ல," என்றாள். காரில் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அவள் சொன்ன காரணங்களை லைன் பங்கு போட்டுக்கொண்டது. கோடி வீட்டுக்குத் தெள்ளுப்பூச்சி, அதற்கடுத்த வீட்டுக்குப் படர்தாமரை, மீன் அதிகம் தின்கிற வீட்டுக்குத் தீனிக் கோளாறு. கடைசிக் காரணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எதுவும் பொருந்தாத வீடுகளுக்கு வேம்பு கொடுத்த சுணை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வேம்பு வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப்புறம், ஆலை மெஷின்களை ரிப்பேர் பார்க்கிற பிட்டர் மதியழகன் பெண்டாட்டியோடு குடிவந்தான். பெண்டாட்டி தையல்நாயகி, தையு என்பார்கள், சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிற பெண். அவர்களுக்கு ஒரு வெள்ளைப் பூனையைக் கொடுத்தார்கள். மதியழகனைப் போல் ஒரு நல்ல மனுஷன் அந்த லைனுக்கு அதுவரை வந்ததில்லை. ஓடாத மின்விசிறி அவன் கை பட்டால் ஓடும், வராத தண்ணீர் அவன் குழாயைத் தட்டினால் வரும், காசு கொடுத்தால் வாங்கமாட்டான், "இருக்கட்டும்க்கா" என்று சிரிப்பான். ஒருநாள் பாய்லரில் வால்வு சிக்கி ஆவி சீறி எல்லாரும் தலைதெறிக்க ஓடியபோது அவன் ஒருவன்தான் உள்ளே ஓடினான், வால்வைத் திருகி மூடி உத்திராபதியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். அன்றிலிருந்து வேம்பு தன் தாலி அவன் போட்ட பிச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைப் பூனைக்கு முதலில் தோள்பட்டையில் கொட்டியது, பிறகு முதுகில், பிறகு தொடையில். செவலைக்கும் கறுப்புக்கும் கொட்டினால் கொஞ்சம் மறையும், வெள்ளைப் பூனைக்கு இளஞ்சிவப்பாகத் தோல் பளிச்சென்று தெரிந்தது. சுவருக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறது என்று வேம்புவுக்குக் காது கேட்டது, காது கேட்டதைக் கண் நம்ப வேண்டுமா என்று மனசு யோசித்துக்கொண்டேயிருந்தது. "வெள்ளைப் பூனைக்குத் தோலு மெலிசு, சுணை சீக்கிரம் புடிக்கும்," என்று ஆரோக்கியமேரி களத்தில் தீர்ப்புச் சொன்னாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று யாரோ எதற்கோ சொன்னார்கள், அந்தப் பேச்சும் நெல்லோடு நெல்லாகக் காய்ந்துபோயிற்று.

ஒரு மத்தியானம் தையு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, பூனையை இடுப்பில் குழந்தை போல வைத்துக்கொண்டு, வேம்புவின் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க பூனைக்கும் ஒரு தடவ சுணை புடிச்சிச்சாமே?"

"ஆமா புள்ள."

"அப்புறம் புடிக்கவே இல்லியாமே. எப்புடிக்கா போச்சு?"

பூனையைப் பற்றித்தான் கேட்டாள், கண் மட்டும் வேம்புவின் முகத்தை விட்டு நகரவில்லை. வேம்புவுக்கு எல்லாம் புரிந்தது. என் புருஷன் பார்த்தான், பார்த்தவனுக்குச் சுட்டது, உன் புருஷன் பார்க்கவில்லையா, வா, நீயும் நானும் உன் பூனையைத் தூக்கிக்கொண்டு களத்தின் நடுவில் போய் நிற்போம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினாள். அவள் புருஷனைத் தோளில் தூக்கி வந்த கை அது.

"வேப்பெண்ணெ தடவுனேன். தானாப் போயிருச்சு," என்றாள்.

தையு பூனையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எண்ணெ எங்க வூட்டுலயும் இருக்குக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து வெள்ளைப் பூனை வீடு தங்காமல் குழாயடியிலும் களத்திலும் ஆபீஸ் வாசலிலும் போய் உட்கார்ந்து உடம்பைக் காட்டியது. மதியழகன் பட்டறையில் கடைந்து ஓர் அழகான பித்தளை மணி செய்து, நைலான் கயிற்றில் கோத்து அதன் கழுத்தில் கட்டினான். "எங்க போவுதுன்னு தெரியணுமில்ல," என்றான். லைனே விழுந்து விழுந்து சிரித்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று காலகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களே, இதோ நம் மதியழகன் கட்டிவிட்டான் என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். மணி கட்டிய பூனை எலி பிடிக்காது என்பது அந்த ஆலையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் மேனேஜர் முதற்கொண்டு ஒருவரும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் மேனேஜர் வீட்டு மோட்டாரும் மதியழகன் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தை பிறந்த ஒரு காலையில் மணிச்சத்தம் வேம்புவின் அடுப்படிவரை வந்து நின்றது. பூனையின் கழுத்தைச் சுற்றி முடி இல்லை. வேம்பு குனிந்து பார்த்தாள். கயிறு சன்னக் கயிறு, முடி போன இடமோ அதைவிட அகலம், ஒரு பக்கம் பெருவிரல் அழுத்தியது போல் ஒரு வழுக்கை, மறுபக்கம் வரிசையாக நாலு. பூனை பின்னாலேயே வர வேம்பு குழாயடிக்குப் போனாள், அங்கே தையு யாரிடமும் பேசவில்லை, சேலையைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டியிருக்கிறது என்று கையால் காட்டினாள்.

"கயிறு அறுத்திருக்கு," என்றாள் ஆரோக்கியமேரி, பூனையைப் பார்த்து.

"ஆமாக்கா, கயிறுதான்," என்றாள் வேம்பு. சொல்லிவிட்டு, பூனையைத் தன் வாசலுக்குத் தூக்கி வந்து மடியில் வைத்து, அதற்கு வலிக்காதபடி நைலான் கயிற்றை மெதுவாக அவிழ்த்தாள், வேப்பெண்ணெய் தடவினாள், தன் பழைய சேலையிலிருந்து மெத்தென்று ஒரு துண்டு கிழித்து மணியை அதில் கோத்துத் திரும்பக் கட்டிவிட்டாள். தையு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அந்த நேரத்தில் வேம்புவுக்கு நிஜமாகவே தோன்றியது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், பெண்கள் களத்தில் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தபோது காற்றில் வெள்ளையாக ஏதோ பறந்து வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கொத்துக்கொத்தாக, பிறகு வானமே தெரியாதபடி. நெல்லின் மேல் விழுந்தது, பெண்களின் தலையில் விழுந்தது, வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொண்டது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் மறையச் சேர்ந்துவிட்டது. ஒரு சின்னப் பூனையின் உடம்பில் அவ்வளவு முடி இருக்குமா என்று கேட்டால், இருந்தது.

"எலவம்பஞ்சு வெடிச்சிருக்கு," என்றாள் ஆரோக்கியமேரி. அந்த ஊரில் இலவமரமே கிடையாது. "தள்ளுங்கடி, நெல்லு வீணாப்போவுது," என்றாள், பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு முடியையும் நெல்லையும் சேர்த்துத் தள்ளினார்கள்.

வேம்பு பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். முடியில் கால் புதையப் புதைய ஓடினாள். அவள் கேட்க நினைத்த மணிச்சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தேயிருந்தது. உள்ளே தையு கிடந்தாள். அவள் தலைமாட்டில், மீசையிலிருந்து வால் நுனிவரை ஒரு முடிகூட இல்லாமல், உரித்த கோழி போல வெள்ளைப் பூனை உட்கார்ந்திருந்தது. மதியழகன் சுவரில் சாய்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெஞ்சு வலின்னா, அக்கா. பொசுக்குன்னு போயிட்டா," என்றான்.



லைன் எல்லாவற்றையும் மளமளவென்று செய்தது. நெஞ்சுவலி என்று வாய்க்கு வாய் சொல்லிச் சொல்லி, பந்தல் போடுவதற்குள் அது நெஞ்சுவலியாகவே ஆகிவிட்டது. பெண்கள் தையுவைக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டியவர்கள் கழுத்தைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "மாலைய இன்னுங் கொஞ்சம் மேல ஏத்து," என்றாள் ஆரோக்கியமேரி, யாரோ ஏற்றினார்கள். தாடை வரைக்கும் சாமந்தி. சீக்கிரம் எடுத்துவிட்டால் தேவலை என்று ஆண்கள் வெளியே பேசிக்கொண்டார்கள், ஆனால் எடுக்க முடியாது, ஏனென்றால் செத்தது ஒரு பெண், பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்து மேலே விழாமல் பாடையைத் தூக்குகிற வழக்கம் அந்தச் சீமையில் கிடையாது.

சாயங்காலம் கோடியை மார்போடு அணைத்துக்கொண்டு தையுவின் அம்மா வந்தாள். வயலில் வெந்து கறுத்த மனுஷி. அழுதாள், மகளின் கன்னத்தைத் தடவினாள், கோடியைப் பிரிக்கப் போனாள். அப்போதுதான் தலைமாட்டில் முடியில்லாமல் உட்கார்ந்திருந்த பூனை அவள் கண்ணில் பட்டது. விரட்ட விரட்ட அது அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, பெற்ற பிள்ளை மொட்டையடித்துக்கொண்டு உட்காருவது போல.

"இதுக்கு என்ன ஆச்சு?" என்று அவள் கேட்டாள்.

"சுணைங்கம்மா," என்றாள் ஆரோக்கியமேரி. "சுணை" என்று பந்தலில் நாலைந்து குரல்கள் சொன்னன.

அந்த அம்மா பூனையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுணை பட்டா அரிக்கும். தடிக்கும். முடி கொட்டுமா? நான் நட்டு, அறுத்து, நெல்லுலயே கெடந்து நரைச்சவ. எங்கூட்டு மாட்டுக்குக் கொட்டல, நாயிக்குக் கொட்டல, எனக்குக் கொட்டல. இதுக்கு மட்டும் எப்புடித் தாயி கொட்டும்?"

அவள் கேட்டது எதிரில் நின்ற வேம்புவை. அத்தனை பேரும் வேம்புவைப் பார்த்தார்கள், அந்த வார்த்தையைக் குழாயடியில் பெற்றுப் போட்டவள் அவள்தான், காப்பாற்ற வேண்டியவளும் அவள்தான் என்பது போல. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உத்திராபதி நின்றான். வேம்பு அவனை ஒருமுறை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சுணை இல்லம்மா," என்றாள் வேம்பு. "எம் புருஷன் என்னை அடிச்சத மறைக்க, நான் சொன்ன பொய்யி அது. சுணை பூனைக்குப் படல. எங்களுக்குத்தான் இல்லாமப் போச்சு."

சொல்லிக்கொண்டே போய் மாலையைக் கீழே இறக்கினாள்.

தாய் தன் பெருவிரலை ஒரு பக்கமும் நாலு விரலை மறுபக்கமும் மகளின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் விரல் போதவில்லை. நிமிர்ந்து பந்தலில் நின்ற ஆண்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மதியழகன் மட்டுமில்லை, அங்கே நின்ற அத்தனை ஆண்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அவள் கோடியைத் திரும்ப மடித்து மடியில் வைத்துக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கோடி போடமாட்டேன். யாரு தூக்குறான்னு பாக்குறேன்," என்றாள். யாரும் தூக்கவில்லை. யாரோ தகவல் சொல்லிப் போலீஸ் ஜீப் வந்து மதியழகனை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், பூனையும் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு அது எழுந்து களத்தைத் தாண்டிப் போனது, அதை யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

அந்த நெல் அரிசியாகி, மூட்டையாகி, எங்கெங்கோ போயிற்று. தூரத்து ஊர்களில் சாப்பாட்டுத் தட்டில் ஒரு வெள்ளை முடியை எடுத்துப் போட்டுவிட்டு, சமைத்தவளைத் திட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு லைனில் எந்தப் பூனைக்கும் முடி கொட்டவில்லை. கொட்டிய இடங்களிலும் அடர்த்தியாக முளைத்து எண்ணெய் தேய்த்தது போலப் பளபளத்தது. பீடை விட்டது என்று முதலாளி பொங்கல் வைத்தார், லைன் வயிறாரச் சாப்பிட்டது. வேம்பு மட்டும் சாப்பிடவில்லை. பூனைகள் குணமாகவில்லை, இந்த மனுஷர்களிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. களத்துப் பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள், நல்ல பிட்டர் போய்விட்டானே என்று அவள் காதுபடவே வருத்தப்பட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்கு வேறொரு ஜோடி வந்தது. ஒருநாள் வேம்பு அரிசி களைந்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்புறம் ஏதோ விழுந்தது, அதற்குப் பின்னால் ஒரு சத்தம், அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவள் களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கையோடு போய்க் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அந்த வீட்டுக்காரன் கதவை ஒருச்சாய்த்துத் திறந்தான். அவன் கைகளில் பளபளவென்று ஒரு சாம்பல் பூனை இருந்தது. அதை முன்னும் பின்னும் திருப்பி, வயிற்றைக்கூடக் காட்டினான்.

"பாருங்கக்கா, பூனைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"பூனையப் பாக்க வரல தம்பி," என்றாள் வேம்பு, ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்து. "ஒம் பொண்டாட்டியக் கூப்பிடு."